நாற்பத்தொன்பது அடி: கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் வெள்ளத்திலிருந்து மீண்ட விதம்

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தின் கிழக்கெல்லையில், ரெட் ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்துள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ், 1997-இல் ஏறத்தாழ 50,000 மக்கள் வாழ்ந்த சிறு நகரம். ஆற்றின் மறுகரையில், மினசோட்டா மாநிலத்துக்குள், அதைவிடவும் சிறிய ஈஸ்ட் கிராண்ட் ஃபோர்க்ஸ் இருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆறு கரைமீறியபோது, கிழக்கிலிருந்த ஊர் முழுவதும் வெளியேறியது. மேற்கிலிருந்த நகரத்தில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு வீடுகளை விட்டுப் போனார்கள். இத்தனை பெரிய விகிதத்தில் காலியான ஒரு நகரம் திரும்பவும் நகரமாக எப்படி ஆனது என்பதைப் புரிந்துகொள்ள, நிவாரணத் தொகைகளின் பட்டியல் உதவாது. ஆற்றுக்கு எவ்வளவு நிலத்தை விட்டுக்கொடுப்பது, அந்த நிலம் யாருடையதாக இருக்கும் என்ற இரு கேள்விகளுக்கு அந்நகரம் கண்ட விடையில்தான் மீட்சியின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் ஆற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். ரெட் ஆறு தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடி, கனடாவின் வின்னிபெக் ஏரியில் கலக்கிறது. இளவேனில் வரும்போது தென்பகுதியில் பனி முதலில் உருகுகிறது. வடக்கே ஆறு இன்னும் உறைந்தே கிடக்கிறது. உருகி வரும் நீர், உருகாத பனிக்கட்டியில் முட்டித் தேங்குகிறது. போதாக்குறைக்கு, ஆறு ஓடும் நிலம் அகாசிஸ் என்னும் பழைய பனியுகப் பேரேரியின் அடித்தரையாக இருந்த இடம். மேசைப் பலகைபோலத் தட்டையான அந்தச் சமவெளியில் ஆற்றின் சரிவு ஒரு மைலுக்கு ஏறத்தாழ அரை அடி மட்டுமே. எனவே அங்கே வெள்ளம் பாய்ந்து வந்து அடித்துச் செல்வதில்லை. மெல்ல ஏறி, பக்கவாட்டில் மைல்கணக்கில் பரவி, வடிய மனமில்லாமல் நாள்கணக்கில் நிற்கிறது. கிராண்ட் ஃபோர்க்ஸில் ரெட் ஆற்றோடு கிழக்கிலிருந்து ரெட் லேக் ஆறும் வந்து சேர்கிறது. இரண்டு நீர்வரத்தும் ஒரே வாரத்தில் உச்சத்தை அடைந்தால் நகரத்துக்குத் தப்பிக்க வழியில்லை.

1996-97 குளிர்காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கை எட்டுப் பனிப்புயல்கள் தாக்கின. உள்ளூர் நாளிதழான கிராண்ட் ஃபோர்க்ஸ் ஹெரால்ட் அவற்றுக்கு அகரவரிசையில் பெயர் சூட்டிவந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் வந்த எட்டாவது புயலின் பெயர் ஹன்னா. அதற்குள் நகரத்தில் பெய்திருந்த பனி மொத்தம் கிட்டத்தட்ட 100 அங்குலம். இது உருகினால் வெள்ளம் வரும் என்பது பிப்ரவரியிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எவ்வளவு வரும் என்பதே கேள்வி. தேசிய வானிலைச் சேவை இரண்டு எண்களை வெளியிட்டது. மேற்கொண்டு மழையோ பனியோ இல்லாவிட்டால் 47.5 அடி, வழக்கமான அளவு பெய்தால் 49 அடி. (இந்த அடிக்கணக்கு ஆற்றின் ஆழத்தைக் குறிப்பதில்லை. நிலையான ஓர் அளவுகோலின் தொடக்கப் புள்ளியிலிருந்து நீர்மட்டம் நிற்கும் உயரத்தையே குறிக்கிறது. கிராண்ட் ஃபோர்க்ஸில் 28 அடியைத் தாண்டினால் வெள்ளநிலை என்று கொள்வார்கள்.)

இந்த 49 என்ற எண்ணை நகரம் எவ்வாறு வாங்கிக்கொண்டது என்பது, பின்னால் நடந்த அனைத்துக்கும் அடிப்படை. 1979-இல் ஆறு 48.8 அடியைத் தொட்டபோது நகரம் மணல்மூட்டைகளை அடுக்கித் தாக்குப்பிடித்திருந்தது. ஆகவே 49 அடி என்றதும், முன்பு வென்ற அதே எதிரி திரும்பி வருகிறான் என்றே மக்களும் அலுவலர்களும் எண்ணிக்கொண்டார்கள். மூன்று அடி கூடுதலாக வைத்து 52 அடிக்குத் தடுப்புக் கரைகளை உயர்த்தினால் போதும் என்று முடிவாயிற்று. பள்ளி மாணவர்கள் முதல் முதியவர்கள் வரை இரவும் பகலும் மூட்டை நிரப்பினார்கள். ஆனால் வானிலைச் சேவை தந்த எண், கடந்தகால அளவீடுகளை நீட்டிப் பார்த்துப் பெற்ற மதிப்பீடு. அதற்கு முன் அந்த ஆறு அவ்வளவு நீரைச் சுமந்ததை நவீனக் கருவிகள் அளந்ததில்லை. பாலங்கள் நீரைத் தடுத்துத் தேக்கும் விளைவும் அக்கணக்கில் சரியாகப் பிடிபடவில்லை. முந்தைய ஆண்டுகளின் கணிப்புகளை உண்மை அளவுகளோடு ஒப்பிட்டிருந்தால், சில அடிகள் முன்பின்னாகப் பிசகுவது வழக்கமே என்பது தெரிந்திருக்கும். அந்தப் பிசகின் அளவைச் சொல்லாமல் ஒற்றை எண்ணை மட்டும் சொன்னதே குறை என்று பின்னர் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நான் அதோடு உடன்படுகிறேன். கணிப்பு தவறியதைவிட, அது தவறக்கூடும் என்ற செய்தி மூட்டை நிரப்பிக்கொண்டிருந்தவர்களின் காதுக்கு எட்டாமல் போனதே பெரிய இழப்பு. எட்டியிருந்தால், மிகச் சில வீடுகளே எடுத்திருந்த வெள்ளக் காப்பீட்டைப் பலர் எடுத்திருக்கக்கூடும். அந்தக் காப்பீடு நடைமுறைக்கு வர 30 நாள்கள் ஆகும் என்பதால், ஆறு ஏறத் தொடங்கிய பிறகு எடுத்துப் பயனில்லை.

ஏப்ரல் 18-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, கரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வழிந்தன. மேயர் பாட் ஓவன்ஸ் பகுதி பகுதியாக வெளியேற்ற ஆணை பிறப்பித்தார். மறுநாள், நீர் சூழ்ந்திருந்த நகர மையத்தில் ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டிகளால் நெருங்க முடியவில்லை. குழாய்களில் நீரழுத்தம் இல்லை. இடுப்பளவு வெள்ளத்தில் நின்ற வீரர்கள், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் தீயில் ஊற்ற வழியின்றித் தவித்தார்கள். வானிலிருந்து நீர் கொட்டியும், தீ அடங்குவதற்குள் 11 கட்டடங்கள் அழிந்தன. உயிரிழப்பு இல்லை. ஆறு இறுதியில் 54.35 அடியைத் தொட்டது.

வெளியேறியவர்களில் ஆயிரக்கணக்கானோர் அருகிலிருந்த விமானப்படைத் தளத்தின் விமானக் கொட்டகைகளில் கட்டில் போட்டுத் தங்கினார்கள். மற்றவர்கள் உறவினர் வீடுகளுக்கும் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் போனார்கள். வடக்கு டகோட்டா பல்கலைக்கழகம் அந்தப் பருவத்தின் வகுப்புகளை அத்துடன் முடித்துக்கொண்டது. ஹெரால்ட் நாளிதழின் அலுவலகம் தீக்கிரையானது. இருந்தும் ஒரு நாள்கூட இதழ் நிற்கவில்லை: பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் உட்கார்ந்து எழுதி, செயின்ட் பால் நகரத்தில் அச்சிட்டு, முகாம்களில் இலவசமாக வழங்கினார்கள். சிதறிப்போன மக்களுக்கு யார் எங்கே இருக்கிறார்கள், எந்தத் தெருவுக்கு எப்போது போகலாம் என்று தெரிவிக்க அந்த இதழே வழியாக இருந்தது. அடுத்த ஆண்டு பொதுச்சேவைக்கான புலிட்சர் விருது அதற்குக் கிடைத்தது.

நீர் வடிந்த பிறகு தொடங்கியது நீண்ட, அழுக்கான வேலை. அந்தப் பகுதியின் வீடுகள் பெரும்பாலும் தரைக்குக் கீழே ஓர் அறையோடு கட்டப்பட்டவை. குளிர்நாட்டில் வீட்டைச் சூடாக்கும் உலை, வெந்நீர்க் கலன், மின்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகிய எல்லாம் அந்த நிலவறையில்தான் இருக்கும்; பல குடும்பங்களில் பிள்ளைகளின் படுக்கையறையும் அங்கேதான். தெருவில் கணுக்கால் அளவே நீர் வந்த வீட்டிலும், சாக்கடைக் குழாய் வழியாகப் பின்னோக்கி ஏறிய கழிவுநீர் நிலவறையை நிரப்பியிருந்தது. திரும்பி வந்தவர்கள் உடனே மோட்டார் வைத்து அதை இறைத்துவிட நினைத்தார்கள். அப்படிச் செய்தால் ஆபத்து: வெளியே நீரில் ஊறிக் கனத்திருக்கும் களிமண், உள்ளே எதிர்நின்று தாங்கும் நீர் இல்லாமல் போனவுடன் சுவரை உள்நோக்கித் தள்ளி இடித்துவிடும். ஆகவே நாளுக்குக் கொஞ்சமாக, வெளியே நிலத்தடி ஈரம் வடிவதற்கு ஏற்ப இறைக்க வேண்டியிருந்தது. சேறு வாரி, சுவர்ப் பலகைகளைப் பிய்த்து, பூஞ்சை படராமல் கிருமிநாசினியால் கழுவி, காயவிட்டு, உலையும் மின்னிணைப்பும் புதிதாகப் பொருத்தி, அனைத்தையும் அக்டோபர்க் குளிருக்கு முன் முடிக்க வேண்டும். நகரத்தின் சுத்திகரிப்பு நிலையமும் மூழ்கிப்போனதால் வாரக்கணக்கில் குழாயில் குடிநீர் வரவில்லை. தெருவோரங்களில் ஆள் உயரத்துக்குக் குவிந்த மெத்தைகளும் குளிர்ப்பெட்டிகளும் புகைப்படத் தொகுப்புகளும் லாரி லாரியாகக் குப்பைமேட்டுக்குப் போயின. மூழ்கிய வீடு என்று நாம் எளிதாக ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு குடும்பத்தின் ஆறு மாத உடலுழைப்பு இருக்கிறது.

பணம் இரண்டு விதமாக வந்தது. இரண்டுக்கும் இடையிலிருந்த வேறுபாடு கவனிக்கத்தக்கது. பெயர் வெளியிடாத ஒரு கொடையாளர் 1.5 கோடி டாலர் அளித்தார். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் 2,000 டாலர், அதிகக் கேள்விகள் இல்லாமல், உடனடியாக. மக்கள் அவரை வானதூதர் என்றே அழைத்தார்கள். மக்டொனால்ட்ஸ் நிறுவனத்தை வளர்த்தெடுத்த ரே கிராக்கின் மனைவி ஜோன் கிராக் என்பது பின்னர் வெளிப்பட்டது. கூட்டரசின் பெருந்தொகை வேறு வேகத்தில் நகர்ந்தது. அதிபர் கிளிண்டன் ஏப்ரல் 22-ஆம் தேதியே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆனால் நிவாரண நிதிச் சட்டமுன்வரைவில் வெள்ளத்தோடு தொடர்பில்லாத பிரிவுகளை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சேர்த்ததால், ஜூன் மாதம் அவர் அதை மறுதலித்துத் திருப்பி அனுப்ப, அந்தப் பிரிவுகள் நீக்கப்பட்ட பிறகே அது சட்டமானது. மறுகட்டுமானப் பருவம் மிகக் குறுகிய ஒரு நாட்டில் அந்தத் தாமதத்தின் விலை அதிகம். எனினும், அதன்வழி கிராண்ட் ஃபோர்க்ஸுக்குக் கிடைத்த சமூக மேம்பாட்டு மானியம் 17 கோடி டாலரைத் தாண்டியது. செலவிடும் முறையை நகரமே தீர்மானிக்கலாம் என்ற நெகிழ்வு அதில் இருந்தது. பின்வரும் முடிவுகள் அதனால்தான் கைகூடின.

மிகக் கடினமான முடிவு கரையின் இடம் பற்றியது. பழைய கரைகள் ஆற்றை ஒட்டியே நின்றன. அவற்றை அங்கேயே உயர்த்தினால் என்ன என்பதே மக்கள் மனத்தில் முதலில் எழுந்த கேள்வி. வெள்ளத் தடுப்புப் பணிகளைக் கவனிக்கும் அமெரிக்க இராணுவப் பொறியாளர் படையின் பதில், மண்ணைப் பற்றியது. பழைய ஏரியடிக் களிமண் வலுவற்றது. ஆற்றோரத்தில் அது தானாகவே நழுவிச் சரியும் இயல்புடையது. அதன்மேல் உயரமான கரையின் பாரத்தை ஏற்றினால் கரையோடு சேர்ந்து ஆற்றுக்குள் இறங்கிவிடும். எனவே புதிய கரை ஆற்றிலிருந்து வெகுதூரம் தள்ளி, நகரத்துக்குள்ளேயே எழ வேண்டும். தள்ளிக் கட்டுவதால் ஆறு அகலமாகப் பரவ இடம் கிடைத்து, நீர்மட்டமும் ஓரளவு தணியும். பொறியியல் நோக்கில் இதை மறுப்பதற்கில்லை. ஆனால் புதிய கோட்டுக்கும் ஆற்றுக்கும் இடையில் தலைமுறைகளாக மக்கள் வாழ்ந்த தெருக்கள் இருந்தன.

வரைபடத்தில் கோடு விழுந்த நாளிலிருந்து நகரத்தில் இரண்டு சொற்கள் புழங்கலாயின: ஈரப்பக்கம், உலர்பக்கம். கரைக்கு ஆற்றின் பக்கம் இருப்பவை ஈரப்பக்கத்து வீடுகள். அவற்றை நகரம் வாங்கி இடித்துவிடும். உலர்பக்கத்தில் இருப்பவர் தம் வீட்டைச் செப்பனிட்டுக்கொள்ளலாம். கோடு எங்கே செல்லும் என்பது உறுதியாகும்வரை, அதை ஒட்டிய தெருக்களில் இருந்தவர்கள் எதையும் செய்ய இயலாமல் காத்திருந்தார்கள். செலவழித்துப் பழுதுபார்த்த பின் இடிக்கச் சொன்னால் என்ன செய்வது? பழுதுபார்க்காமல் விட்டால் குளிர்காலத்தில் எங்கே இருப்பது? அரசு தந்த தற்காலிக வாகன வீடுகளில் பல குடும்பங்கள் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தன. நகரம் இறுதியில் வெள்ளத்துக்கு முந்தைய மதிப்பில் 800-க்கும் மேற்பட்ட வீடுகளை வாங்கியது. வெள்ளத்துக்குப் பிந்தைய மதிப்பில் வாங்கியிருந்தால் செலவு குறைந்திருக்கும். அப்படிச் செய்யாதது நேர்மையான முடிவு. ஆனாலும் பழைய வீட்டின் மதிப்பில் புதிய வீடு கிடைக்காது. ஆற்றோரத்து லிங்கன் டிரைவ் பகுதியில் இருந்தவை பெரும்பாலும் அடக்கமான, பழைய வீடுகள்; அந்தத் தொகைக்கு ஈடான வீடு, பெரும்பாலான வீடுகள் சேதமான ஒரு நகரத்தில் எங்கும் விற்பனைக்கு இருக்கவில்லை. பலர் புதிய கடனோடு நகரின் மேற்கு, தெற்கு விளிம்புகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். சிலர் ஊரைவிட்டே போனார்கள். லிங்கன் டிரைவ் குடியிருப்பு முற்றாக மறைந்தது.

அங்கிருந்தவர்களில் பலர் வேறொரு திட்டத்தைக் கேட்டார்கள்: நகரத்தைச் சுற்றி ஒரு மாற்றுக் கால்வாய். அது வெறும் கற்பனை அன்று. இதே ஆற்றின் வடகோடியில், கனடாவின் வின்னிபெக் நகரம் 1950-இல் பெருவெள்ளத்தில் சிக்கிய பின், 1962-இல் தொடங்கி 1968-இல் ஒரு பெரிய வெள்ளக் கால்வாயை வெட்டி முடித்திருந்தது. 1997-இல் அந்தக் கால்வாய் வின்னிபெக்கைக் காத்தது. கிராண்ட் ஃபோர்க்ஸ் மக்கள் அதைத் தம் முகாம்களிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் வின்னிபெக் பல லட்சம் பேர் வாழும் மாநகரம். கூட்டரசு நிதி பெறவேண்டுமானால் ஒரு திட்டம் தடுக்கும் இழப்பு அதன் செலவைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும் என்பது பொறியாளர் படையின் விதி. சிறிய நகரங்களுக்குக் கால்வாய் அந்தக் கணக்கில் தேறவில்லை. தள்ளிக் கட்டும் கரைகளே தேறின. சிறு நகரம் என்பதன் பொருள் இங்கே தெளிவாகத் தெரிகிறது: காப்பாற்றத் தகுந்த மதிப்பு குறைவாக இருப்பதால், காப்பாற்றும் வழியும் அதற்கேற்பச் சுருங்குகிறது. ஈரப்பக்கத்தார் தங்கள் வீட்டைக் கொடுத்து உலர்பக்கத்தாரின் பாதுகாப்பை வாங்கித் தந்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

இரு நகரங்களையும் சேர்த்துக் காக்கும் அந்தத் திட்டத்துக்கு ஏறத்தாழ 40.9 கோடி டாலர் செலவானது. மண்கரைகள், நகர மையத்தில் கான்கிரீட் சுவர்கள், சாலைகள் குறுக்கிடும் இடங்களில் தேவையானபோது அடைத்துக்கொள்ளும் திறப்புகள், உட்புற மழைநீரை ஆற்றுக்கு இறைக்கும் நிலையங்கள் என்று பணிகள் 2007 வாக்கில் பெரும்பாலும் முடிந்தன. ஈஸ்ட் கிராண்ட் ஃபோர்க்ஸ் தன் கடைத்தெருவின் முன்னே, வெள்ளக் காலத்தில் மட்டும் பலகைகளைப் பொருத்தி எழுப்பும் சுவரை அமைத்துக்கொண்டது. மற்ற நாள்களில் ஆறு கண்ணுக்குத் தெரியும். கரைகளுக்கு இடையே ஆற்றுக்கு விடப்பட்ட 2,200 ஏக்கர் நிலம் பசுமைவழி என்ற பெயரில் பூங்காவாகவும் மிதிவண்டிப் பாதைகளாகவும் மாறியது. மினசோட்டா பக்கத்தில் வீடுகள் இருந்த இடத்திலேயே மாநிலப் பொழுதுபோக்குப் பூங்காவின் கூடாரத்திடல் வந்தது.

நகர மையத்தில் எரிந்துபோன இடங்களில் புதிய அலுவலகக் கட்டடங்களும் ஒரு பொதுச் சதுக்கமும் எழுந்தன. எல்லாம் கைகூடிவிடவில்லை: வீடிழந்தவர்களுக்காக நகரமே முன்னின்று கட்டிய வீடுகள் எதிர்பார்த்த வேகத்தில் விற்பனையாகவில்லை. நாடே பாராட்டிய மேயர் ஓவன்ஸ் 2000-ஆம் ஆண்டுத் தேர்தலில் மருத்துவர் மைக்கேல் பிரவுனிடம் தோற்றார். வெள்ளத்தின் நடுவில் கண்ணீரோடு நின்று மக்களை வெளியேறச் சொன்னவரை மக்கள் நேசித்தார்கள். ஆனால் கோடுகளும் வரிகளும் கட்டுமான ஒப்பந்தங்களுமாக நீண்ட மூன்று ஆண்டுகள் எந்த நிர்வாகத்தின்மீதும் கசப்பைச் சேர்த்துவிடும். அந்தத் தோல்வியை நன்றிகெட்டதனம் என்று சிலர் எழுதினார்கள். களைப்பு என்பதே பொருத்தமான சொல்லாக எனக்குப் படுகிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த ஆண்டுகளை வேறு விதமாகக் காட்டுகிறது. கிராண்ட் ஃபோர்க்ஸில் 1990-இல் 49,425 பேர், 2000-இல் 49,321, 2010-இல் 52,838, 2020-இல் 59,166. பல்கலைக்கழகமும் விமானப்படைத் தளமும் மருத்துவமனைகளும் இருந்ததால் வேலைகள் ஊரைவிட்டுப் போகவில்லை. ஆகவே மக்களும் திரும்பி வந்தார்கள். கிழக்குக் கரைக்கு அந்தத் தாங்கல் இல்லை. ஈஸ்ட் கிராண்ட் ஃபோர்க்ஸ் 8,658-இலிருந்து 7,501-ஆகச் சரிந்தது. பழைய எண்ணிக்கையை நெருங்க 2010 வரை ஆயிற்று. ஒரே வெள்ளம், ஒரே கரைத்திட்டம். ஆனாலும் மீண்டெழுந்த வேகத்தை நிர்ணயித்தது, வெள்ளத்துக்கு முன்பே அந்தந்த ஊரில் வேரூன்றியிருந்த நிறுவனங்கள்.

வானிலைச் சேவையும் தன் முறையை மாற்றிக்கொண்டது. ரெட் ஆற்றுக்கான இளவேனில் அறிவிப்புகளில் இப்போது ஒற்றை எண் வருவதில்லை. இன்ன உயரத்தை எட்ட இத்தனை விழுக்காடு வாய்ப்பு, அதைவிட உயர இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று பல மட்டங்களாகத் தருகிறார்கள். மூட்டை அடுக்குபவர் எவ்வளவு உயரத்துக்கு அடுக்குவது என்பதைத் தம் அச்சத்தையும் துணிவையும் கொண்டு தாமே தீர்மானிக்க அது இடம்தருகிறது.

2009 ஏப்ரலில் ஆறு 49.33 அடியைத் தொட்டது. 2011 ஏப்ரலில் 49.87. 1997-இல் எச்சரித்த அந்த 49 அடியைவிட இரண்டு முறையும் கூடுதல். அளவுகோலில் 1979-இன் வெள்ளத்தையும் மிஞ்சிய உயரம். திறப்புகளை அடைத்தார்கள், பாலங்களை மூடினார்கள், இறைப்பு நிலையங்கள் ஓடின. உலர்பக்கத்தில் அலுவலகங்கள் திறந்திருந்தன. மக்கள் மாலையில் கரைமீது ஏறி நின்று ஆற்றைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். மறுபுறத்தில், ஒரு காலத்தில் லிங்கன் டிரைவ் தெருக்கள் இருந்த பூங்காவில், வீட்டுவாசல்களில் யாரோ நட்டு வளர்த்த மரங்களின் இடுப்பளவுக்கு நீர் நின்றது.